ஜவுபரின் வயல் வந்த வழி

இன்பாஸ் எம்.பி. கொண்டுவந்த காணி மீளளிப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முதலாம் தடவை வாசிக்கப்பட்ட அன்று, கல்முனை ஜவுபரின் வயல் தான் அடைபட்டிருந்த கம்பிவேலியை விட்டுக் கிளம்பி, சம்மாந்துறைக்குக் கிட்டவரை வந்து நின்றது. வரம்பு, வாய்க்கால், மூலையில் நின்ற மருதமரம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வந்தது. அன்று கல்முனைச் சந்தையில் சூரை மீன் மலிவு, தேங்காய்க்குத் தட்டுப்பாடு, பின்னேரம் சின்னத் தூறல். மறுநாள் அம்பாறைக்கு பஸ்ஸில் போனவர்கள், முந்தின நாள் இல்லாத வயலொன்று தெருவோரம் கிடப்பதைக் கண்டார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாததால் யாரும் பொலிஸுக்குச் சொல்லவில்லை. சட்டமூலத்தில் பேர் இருந்த மற்றவர்களின் வயல்களும் அவரவர் ஊரைப் பார்த்துப் புறப்பட்டன. அவற்றின் கதை வேறு.

ஜவுபரின் வயல் முதலில் கிடந்தது இறாமடு வட்டையில். மேற்கே மலையடிப் பக்கம், கரையோரத்து ஆட்கள் பரம்பரையாக நெல் விதைத்த வெளி அது. யுத்தக் காலத்தில் உயிருக்குப் பயந்து விட்டுவிட்டு வந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது வேலி இருந்தது, வேலியில் பச்சைப் பலகை இருந்தது, பலகைக்குக் கீழே ஒரு காவல்காரர் இருந்தார். எந்தத் திணைக்களத்தின் பலகை என்றுகூட யாருக்கும் நிச்சயமில்லை. ஜவுபர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கை காட்டியது. கடைசிக் கந்தோர் முதல் கந்தோரைக் காட்டியது. சொந்த வயல் இருக்க அரிசியைக் கடையில் வாங்கித் தின்கிற அவமானத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அது அவர் முகத்தில் வந்துவிடும். அவருடைய ஒரே மகள் நிஹ்லா அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தாள்.

இந்த வயல்களுக்காக மேடையில் அழுது வோட்டு வாங்கியவர்கள் பலர். இன்பாஸ் ஒரு படி மேலே போய், அழுததைச் சட்டமூலமாக எழுதி அரசாங்க வர்த்தமானியிலும் போட்டுவிட்டார். நிஹ்லா பட்டம் முடித்து, கேட்ட வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவள். சட்டமூலம் நகர்ந்தால் வயல் நகரும் என்பது எல்லோருக்கும் முன்னால் அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து போனில் பாராளுமன்றத்தின் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதும், சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் சட்டமூலத்தின் பேர் எத்தனையாவதாகக் கிடக்கிறது என்று தேடுவதும் அவள் வேலையாயிற்று. முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு, கடைசியில் சபாநாயகரின் கையெழுத்து என்று தெருப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு அவள் தேறிவிட்டாள். தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் படலையடியில் நின்று கேட்பார்கள்.

"வயல் எங்க கா நிக்கிது, நிஹ்லா?"

"அங்கதான் நிக்கிது மாமி. இண்டைக்குச் சட்டமூலத்த எடுக்க இருந்த. சபையில ஆக்கள் காணாதெண்டு ஒத்திவெச்சிட்டாங்க."

"சம்பளம் எடுக்கிற அண்டைக்கு மட்டும் ஆக்கள் காணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் போவார்கள்.

இந்த இடத்தில்தான் ஜவுபர் ஒரு பிழை விட்டார். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடும் காணியும் பெண்ணின் பேரில் எழுதப்பட வேண்டும். வீடு இல்லாத பெண்ணுக்காவது யாராவது இரக்கப்படுவார்கள், காணியும் இல்லையென்றால் கலியாணப் பேச்சே எழும்பாது. நிந்தவூரில் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்துகிற றிஸ்மியும் நிஹ்லாவும் அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்திலிருந்தே ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். றிஸ்மியின் உம்மா மைமூனா கறாரான பெண்மணி. "வீடு சரி, காணி எங்க?" என்று கேட்டார். ஜவுபர் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போய், தெருவோரத்தில் நின்ற வயலைக் காட்டி, "இதுதான் எண்ட புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டார். மைமூனா வரம்பில் இறங்கி நடந்து பார்த்துத் திருப்திப்பட்டார். வயல் வீடு வந்து சேர்ந்ததும் நிக்காஹ் என்று முடிவாயிற்று. வாசிப்பில் கிடக்கிற வயலைச் சீதனமாகப் பேசி, பேச்சு முடிந்ததற்கு முட்டையப்பமும் கொடுத்துக் கலைகிற மடத்தனம் வேறெந்த நாட்டில் நடக்கும்? ஊரில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் வாசிப்புக்கு விவாதம் தொடங்கிய அன்று வயல் காரைதீவு முச்சந்திக்கு வந்தது. அங்கே மாதக்கணக்கில் நின்றது. காரைதீவு இராசதுரை என்பவர், நிற்கிற வயலைக் காயவிடக் கூடாது என்று தன்னுடைய வாய்க்காலை வெட்டி அதற்கும் தண்ணீர் விட்டார். ஜவுபர் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நிஹ்லாவின் உம்மா முஸ்பிறா கலியாணச் சாரிக்குக் கரை பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொழும்பில் யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன கோபமோ, அதை இங்கே யாரும் கேட்டு அறியவில்லை. முடியாத சட்டமூலங்கள் எல்லாம் செத்தவையாகக் கணிக்கப்படும் என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் முச்சந்தியில் வெறும் ஈரம் மட்டும் கிடந்தது. வயல் திரும்பவும் இறாமடுவில், வேலிக்குள். நிஹ்லா அன்று அறையைப் பூட்டிக்கொண்டு அழுதாள். வயலுக்காக அழுதாளா றிஸ்மிக்காக அழுதாளா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

தேர்தல் வந்தது. இன்பாஸ் கட்சி மாறி, பழைய கட்சியைத் திட்டி, பழைய வாக்குறுதியையே கொடுத்து, கூடுதல் வோட்டில் வென்றார். சட்டமூலம் திரும்ப வர்த்தமானியில் வந்தது, வயல் திரும்பச் சம்மாந்துறைக்கு வந்தது. ஏமாறுவதிலும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டால் மனிதன் அதையும் வேளாண்மை போலச் செய்துகொண்டு போவான் போல. றிஸ்மிக்கு மற்ற இடங்களில் பேசினார்கள், அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிஹ்லாவின் தலைமுடியில் வெள்ளை தெரியத் தொடங்கியது. இம்முறை இரண்டாம் வாசிப்பு நிறைவேறி, வயல் காரைதீவைத் தாண்டி சாய்ந்தமருது வரை வந்துவிட்டது. சட்டமூலம் குழுநிலைக்குப் போனது. கதவை மூடிக்கொண்டு நடக்கிற கூட்டம் அது, ஒளிபரப்பு இல்லை. நிஹ்லா பஸ்ஸில் போய் வயலைப் பார்த்தே அங்கே என்ன நடக்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. முதல் கிழமை வரம்பின் நாலு மூலையிலும் கொங்கிரீட் கட்டைகள் முளைத்திருந்தன. அடுத்த கிழமை கம்பி. அதற்கடுத்த கிழமை பச்சைப் பலகை. கடைசியாகப் போனபோது பலகைக்குக் கீழே ஒரு காவற்கூடு இருந்தது, அதற்குள் கதிரையில் ஒரு காவல்காரர் இருந்தார். தம்பிலுவில்லைச் சேர்ந்த அவரின் பேர் நல்லரெத்தினம். வயல் தன்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாக அவர் முறைப்பட்டார்.

நிஹ்லா இன்பாஸுக்குப் போன் எடுத்தாள். அவர் நல்ல குரலில்தான் கதைத்தார். "தங்கச்சி, திருத்தம் இல்லாமப் பாஸ் பண்ண ஏலா. காணி உங்கட பேருக்கு வரும். நிர்வாகம் மட்டும் திணைக்களத்திட கையில. முதல்ல காணி வரட்டும், வேலிய நாம புறகு பாப்பம்."

மூன்றாம் வாசிப்பு எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. சபாநாயகர் கையெழுத்திட்ட மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய முஸ்பிறா, முற்றத்துக் கதவைத் திறந்ததும் கணுக்கால் அளவு சேற்றில் கால் வைத்தார். வயல் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருந்தன. வீடு நடுவிலே காவல் வாடிக் குடிசை போல நின்றது, சுற்றிவர வயல், வயலைச் சுற்றிக் கம்பிவேலி, உள்ளே போக ஒரேயொரு கடவை, கடவையில் நல்லரெத்தினம். ஜவுபர் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு பிடி சேற்றை எடுத்து முகர்ந்து பார்த்து அழுதார். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்தார். நல்லரெத்தினம் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"காக்கா, கோவிக்காதீங்க. கொத்தப்படாது, விதைக்கப்படாது, தண்ணி பாச்சப்படாது. வேலிக்குள்ள இருந்த ஆக்கள் நீங்க மூணு பேரும் போகலாம், வரலாம். வேற ஆர் உள்ளுக்கு வாறதெண்டாலும் கடிதம் வேணும். நான் சொல்லல்ல, போர்டு சொல்லுது."

ஜவுபர் அதையும் தாங்கினார். காணியை நிஹ்லாவின் பேருக்கு எழுதினார். அதற்குத் தடை இருக்கவில்லை. மைமூனா எழுத்தைப் பார்த்துச் சம்மதித்தார். பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. இன்பாஸ் சாட்சியாக உட்கார்ந்து, தன்னால் நடந்த கலியாணம் என்று படம் எடுத்துப் போட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையை உறவினர் பெண் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது கடவையில் நல்லரெத்தினம் கையை நீட்டினார். றிஸ்மி வெளியாள். கடிதம் இல்லை. பட்டுச் சாரியில் நிஹ்லா வேலிக்கு உள்ளே நின்றாள், மாலையோடு றிஸ்மி வெளியே நின்றான். புரியாணிச் சஹன் தட்டுகளைக் கம்பிக்கு மேலால் கைமாற்றிக் கொடுத்தார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டு, நல்ல ருசி என்று சொல்லிப் போனார்கள்.

கடிதத்துக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை. றிஸ்மி வேலை முடிந்து தினமும் பின்னேரம் வந்து வேலியோடு நிற்பான். நிஹ்லா தேத்தண்ணி கொண்டுவருவாள். அந்தி மஃரிப் பாங்கு சொன்னதும் அவன் நிந்தவூருக்குத் திரும்புவான். முதலில் தெருவே கூடி நின்று பார்த்தது, பிறகு பழகிவிட்டது. வயலில் புல்லும் புதரும் எழும்பின. இப்படி இரண்டு மாரி போன பிறகு, வேலிக்குள் இருப்போரின் கணவன்மார் உட்செல்வதற்கான திருத்தச் சட்டமூலம் ஒன்றைத் தான் கொண்டுவரப் போவதாக இன்பாஸ் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். கைதட்டல் சத்தம் நிஹ்லாவின் வீடுவரை கேட்டது. முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை. அன்றே போனில் இருந்த பாராளுமன்றத்துச் சமாச்சாரங்களை எல்லாம் அழித்துவிட்டு, நிஹ்லா உடுப்பைப் பையில் அடைத்தாள்.

"பொம்புளப் புள்ள மாப்புள ஊட்டுக்குப் போற பழக்கம் நம்மட பரம்பரையில இல்ல மகள்" என்று முஸ்பிறா அழுதார்.

"சட்டம் வாறத்துக்குள்ள நான் செத்து மையத்தாப் போயிருவன் உம்மா" என்றாள் நிஹ்லா. ஜவுபர் பையைத் தூக்கிக் கடவைவரை கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் றிஸ்மியின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். கல்முனையில் அன்று அதைவிடப் பெரிய கதை வேறு இல்லை.

சட்டத்தின்படி காணி நிஹ்லாவுடையது. அவள் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. அடுத்த நாள் ஜவுபர் எழும்பியபோது முற்றத்தில் பழைய மணல் கிடந்தது. வயல் காரைதீவு முச்சந்தியைத் தாண்டி நிந்தவூருக்குப் போய், மைமூனாவின் வீட்டைச் சுற்றி விழுந்திருந்தது, வேலி, பலகை, காவற்கூடு, நல்லரெத்தினம் சகிதம். காணி எங்கே என்று கேட்ட மைமூனா வாசற்படியில் நின்று சேற்றையும் கம்பியையும் பார்த்தார். பிறகு உள்ளே போய், காவல்காரருக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டார். வேலி வந்து விழுந்தபோது உள்ளே இருந்ததால் றிஸ்மிக்கும் நிஹ்லாவுக்கும் மைமூனாவுக்கும் பிரச்சினை இல்லை. வெளியாட்கள் இப்போது ஜவுபரும் முஸ்பிறாவும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜவுபர் பஸ் ஏறி வந்தார். நிஹ்லா ஓடிவந்து கடவையில் நின்றாள். நல்லரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு, "காக்கா, உங்களுக்கும் கடிதம்..." என்று இழுத்தார். ஜவுபர் வேலியோடு கொஞ்சத் தூரம் நடந்து, வரம்பு தாழ்ந்திருந்த ஓர் இடத்தில் செருப்பைக் கழற்றினார். கடைசிக் கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு பாதம் போகிற இடம் இருந்தது. அவர் காலை நீட்டியபடி காவல்காரரைப் பார்த்தார். நல்லரெத்தினம் எழும்பிப் போய்ப் பச்சைப் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார்.

"கால் மட்டுமெண்டா ஒண்டும் போடல்ல, காக்கா" என்றார்.

ஜவுபர் காலை உள்ளே விட்டார். விரல்கள் சேற்றில் புதைந்தன. நிஹ்லா வேலிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். கல்முனை பஸ் ஒன்று போனது, அடுத்த பஸ்ஸும் போனது. அவர் காலை எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை.