படத்தில் ஆள் வேண்டாம்

கர்ர்ரென்று அலறியபடி மண்ணுக்குள் இறங்கிய ட்ரில்லிங் மெஷின் இரண்டு அங்குலத்தில் திக்கி நின்றது.

லெம்பி கோஸ்கெலா கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மண் இல்லை, கல். மிச்சிகனின் வடகோடியில் நவம்பர் கடைசியில் வெளியே வைத்த தொட்டி வேறு எப்படி இருக்கும்? குளிர்கால அலங்காரத்துக்கான ஊசியிலை ஸ்ப்ரூஸ் கிளைகளையும் சிவப்புக் குச்சிகளையும் அக்டோபரிலேயே, மண் இளக்கமாக இருக்கும்போதே குத்தி வைத்துவிட வேண்டும். பிறகு குளிர் வந்து சிமெண்ட் போட்ட மாதிரி இறுக்கிக்கொள்ளும். மார்ச் வரை எந்தக் காற்றுக்கும் அசையாது.

நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். இந்த அக்டோபரில் மட்டும் இடுப்பு வலி அவளைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டது.

"என்ன லெம்பி, எண்ணெய்க் கிணறு தோண்டறியா?"

எதிர்வீட்டு ஆர்வோ. ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவன். அவளைவிட நாலு வயது பெரியவன், எழுபத்திரண்டு. தெருவின் நடுவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஆமா. கிடைச்சா உனக்கும் ஒரு பீப்பா தரேன். வாயை மூடிட்டுப் போ."

"மெஷினை இப்படிக் குடு. அஞ்சு நிமிஷத்துல அத்தனை ஓட்டையும் போட்டுத் தரேன்."

"படியில கால் வச்சே... முதல் ஓட்டை உன் பூட்ஸ்லதான்."

ஆர்வோ சிரித்தான். ஆனால் தெருவைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. நிபந்தனை அவனுக்கும் தெரியும்.

நிபந்தனை போட்டவன் லெம்பியின் மகன் ரஸ்ஸல். இரண்டு நாள் முன்பு, தேங்க்ஸ்கிவிங் விருந்தில். தட்டில் வான்கோழியின் எலும்புக்கூடு மட்டும் மிச்சமிருந்தபோது அவன் ஆரம்பித்தான்.

"அம்மா, போன வருஷம் இதே வராந்தாவுல தோரணம் கட்டறேன்னு படியில விழுந்தே. நாப்பது நிமிஷம் பனியில கிடந்தே. ஞாபகம் இருக்கா?"

"விழுந்தது நானு. எனக்கு ஞாபகம் இல்லாம உனக்கா இருக்கும்?"

"ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்தேன்மா நான். உயிரே எங்கிட்ட இல்ல. என் வீட்டுப் பக்கத்துல ஒரு ஃப்ளாட் பார்த்து வச்சிருக்கேன். படியே கிடையாது. பட்டனை அழுத்தினா நர்ஸ் வருவா."

"பட்டனை அழுத்தினா காபி வருமா?"

"விளையாடாதே."

"நீதான் விளையாடறே. என்னால முடியும் ரஸ்ஸல். எல்லாம் முடியும்."

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தான். "சரி. நிரூபி. டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு ஊர்க்காரங்க எல்லார் வராந்தாவையும் பார்க்க வருவாங்களே, அதுக்குள்ள உன் வராந்தாவை எப்பவும் போல நீயே அலங்காரம் பண்ணு. ஒருத்தர் கை படக் கூடாது. ஒரு தடவைகூட விழக் கூடாது. செஞ்சுட்டேன்னா ஃப்ளாட் பேச்சை நான் சாகிற வரைக்கும் எடுக்க மாட்டேன்."

"கை குடு."

கொடுத்தான். கை ஜில்லென்று இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவன் வெயினோ இறந்த வருஷமே, வக்கீல் சொன்னாரென்று வீட்டை ரஸ்ஸல் பேருக்கு எழுதிவைத்திருந்தாள். பின்னால் நோய்நொடி என்று வந்தால் ஆஸ்பத்திரிக்காரன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க ஊரில் பாதிப் பேர் செய்கிற ஏற்பாடு. ஆக, வீடு அவனுடையது. அதில் இருக்கும் உரிமைக்கு அவள் கையில் இருந்தது அந்த ஒரு கைகுலுக்கல் மட்டும்தான்.

அதைக் காப்பாற்றத்தான் இந்த ட்ரில்லிங் மெஷின்.

சனிக்கிழமை முழுக்கத் துளைத்தாள். ஒரு முனை முறிந்தது. கான்கிரீட்டைத் துளைக்கிற முனையை வெயினோவின் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மாட்டினாள். ஓட்டைகளில் கெட்டிலிலிருந்து கொதிநீரை ஊற்றி, ஆவி அடங்குவதற்குள் கிளையைச் செருகிப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினாள். கையை எடுத்தாள். நின்றது.

திங்கட்கிழமை, புழக்கடை ஸ்ப்ரூஸ் மரத்தில் இன்னும் கொஞ்சம் கிளை. செவ்வாயன்று ஏரிக்கரைப் பள்ளத்தில் சிவப்புக் குச்சி. ஒவ்வொரு கட்டையும் பனிச்சறுக்குப் பலகையில் வைத்துக் கயிற்றால் இழுத்து வந்தாள். இடுப்புக்குள் யாரோ உளியை வைத்துத் தட்டினார்கள். வலி மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினாள். புதனன்று மூன்று.

பனி விளக்குகள்தான் அவளுக்குப் பிடித்த வேலை. வாளியில் தண்ணீர் நிரப்பி வெளியே வைத்தால் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீராக நிற்கும். கவிழ்த்துக் கொட்டினால் கண்ணாடிக் குடுவை மாதிரி ஒன்று கைக்கு வரும். உள்ளே மெழுகுவர்த்தி. படிக்கு இரண்டு வீதம் பத்து செய்தாள். பதினோராவது கை தவறி உடைந்தது. அதையும் விடவில்லை. துண்டுகளை அடுக்கிக் கூம்பாக்கி நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைச் செருகினாள். அது மற்றதைவிட அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, ஏணி.

தோரணம் வராந்தாவின் மேல் சட்டத்தில் போக வேண்டும். செடார் இலைகளை அவளே கம்பியில் சுற்றிப் பின்னியது, முப்பது அடி. லெம்பி முதல் படியில் கால் வைத்தபோது எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. இரண்டாவது படி. மூன்றாவது. கொக்கியில் தோரணத்தை மாட்டினாள். இன்னும் ஒரே ஒரு கொக்கி. கையை நீட்டினாள். எட்டவில்லை. எக்கினாள்.

ஏணியின் இடது கால் சறுக்கியது.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "லெம்பீ!"

"அங்கேயே நில்லுடா!"

மேல் சட்டத்தை ஒரு கையால் பற்றித் தொங்கிக்கொண்டு கத்தினாள். கால் காற்றில் துழாவியது. ஏணிப் படி அகப்பட்டது. அதை மெல்ல நிமிர்த்தி, மூச்சை விட்டு, கடைசிக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆர்வோ பனியில் காலுறையோடு நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"விழுந்தியா?"

"விழுந்தேனா? நீ பார்த்தியா?"

"இல்ல."

"அப்ப விழலை. போய் பூட்ஸ் போடு, கிழவா. உனக்கு ஜுரம் வந்தா அதுக்கும் என் மகன் என்னைத்தான் சொல்லுவான்."

ஞாயிறு. மூன்று அங்குலம் புதுப் பனி விழுந்து ஊரே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, நின்று, "ஓ" என்றார்கள். லெம்பி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவில் நின்றாள். காபியும், கொடிமுந்திரி வைத்துச் சுட்ட நட்சத்திர ரொட்டியும் கொடுத்தாள். உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு ஒட்டக நிறக் கோட்டில் ஒருத்தி வந்தாள். கையில் பெரிய கேமரா. தெருவில் மண்டியிட்டுக்கூடப் படம் எடுத்தாள்.

லெம்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"ரொம்ப அழகு!" என்றாள் கேமராக்காரி. "நீங்க கொஞ்சம் ஓரமா நகர்ந்துக்கறீங்களா? படத்துல ஆள் வேண்டாம்."

லெம்பி நகர்ந்துகொண்டாள். ஊர்ப் பத்திரிகைக்காரியாக இருக்கும். அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கும்.

ஒரு மணிக்கு ரஸ்ஸலின் கார் வந்து நின்றது. இறங்கியவன் வராந்தாவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு படியேறி வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா."

"பேச்சு?"

"எடுக்க மாட்டேன். சொன்னேன்ல?"

அன்றைக்கு லெம்பி அழுதாள். நாலு மாத்திரை போட்டும் வலித்த இடுப்போடு, சந்தோஷமாக.

வியாழக்கிழமை காலை ஆர்வோ வந்தான். கதவைத் தட்டவில்லை. வராந்தாவில் கால் மாற்றி நின்றான். அவன் கையில் போன்.

"என்னய்யா, இப்பதான் தொடலாமே. உள்ள வா."

"லெம்பி... நீ வீட்டை விக்கிறியா?"

"எந்த வீட்டை?"

போனை நீட்டினான். அதில் அவளுடைய வராந்தா. தோரணம், தொட்டிகள், பத்துப் பனி விளக்குகள், உடைந்த துண்டுகளில் செய்த பதினோராவது. மேலே கொட்டை எழுத்தில் 'விற்பனைக்கு'. கீழே, 'தொழில்முறைக் கலைஞர் அலங்கரித்த வராந்தா. இந்த விடுமுறைக்கே உங்கள் கனவு இல்லம்.' அதற்கும் கீழே தரகர் டார்லா என்று ஒரு பெயர், ஒட்டக நிறக் கோட்டில் ஒரு சிரிப்பு.

லெம்பி விரலால் தள்ளினாள். அடுத்த படம் படுக்கையறை. அடுத்தது நீராவிக் குளியலறை. அடுத்தது அடுக்களை.

அடுக்களைப் படத்தில் அவள் விரல் நின்றது.

மேடைமேல் தட்டு. தட்டில் பொன்னிறமாக வறுபட்ட முழு வான்கோழி. இன்னும் கத்தி படவில்லை.

அன்று விருந்துக்கு முன்னால் ரஸ்ஸல் போனோடு அறை அறையாகச் சுற்றினான். 'சும்மா, ஞாபகத்துக்கு' என்றான். பந்தயம் கட்டியது வான்கோழி எலும்பான பிறகு.

அவள் போனை ஆர்வோவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தன் போனில் மகனை அழைத்தாள்.

"ரஸ்ஸல், அந்த டார்லாவை எப்பலேர்ந்து தெரியும்?"

"அம்மா, நானே இந்த வாரம் சொல்லலாம்னு..."

"எப்பலேர்ந்து?"

"...அக்டோபர்."

"வராந்தாவை அலங்காரம் பண்ணச் சொன்னது அவளா?"

"குளிர்காலத்துல மொட்டை வீட்டை எவனும் வாங்க மாட்டான்னு சொன்னா. உன் வராந்தா பழைய போட்டோ காட்டினேன். இது ஒண்ணே போதும்னா. அம்மா, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"என் காலடியில ஏணி சறுக்கிச்சு ரஸ்ஸல். செத்திருந்தா?"

"அதனாலதான்மா சொல்றேன்! இந்த வீடு உன்னைக் கொன்னுடும்!"

லெம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "ஃப்ளாட் பேச்சை எடுக்க மாட்டேன்னு கை குடுத்தே."

"எடுக்கலையேம்மா. வீட்டைப் பத்திதானே பேசறோம்?"

அவனே தொடர்ந்தான். "சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஜோடி பார்க்க வர்றாங்க. வராந்தா படத்தைப் பார்த்துட்டு மில்வாக்கிலேர்ந்து வர்றாங்க. அந்த நேரம் நீ ஆர்வோ வீட்டுல இரு. வீட்டுல குடியிருக்கிறவங்க வாங்க வர்றவங்க கண்ணுல படக் கூடாதுன்னு டார்லா சொன்னா."

சனிக்கிழமை பத்து மணிக்கு லெம்பி வராந்தாவில் இருந்தாள். பழைய வேலைக் கோட்டு, கையில் துடைப்பம். எதிர்வீட்டு ஜன்னலில் ஆர்வோ திரையை முழுசாகவே விலக்கிவிட்டு நின்றான்.

டார்லா காரிலிருந்து இறங்கியதும் அவளைப் பார்த்துப் புருவத்தை நெரித்தாள். ஆனால் வாங்க வந்தவர்கள் பக்கத்திலேயே இருந்ததால் சிரிப்பைக் கீழே இறக்கவில்லை. புருஷன் கூரையைப் பார்த்தான். மனைவி, முப்பது வயதிருக்கும், நேராகத் தொட்டியிடம் வந்து குச்சியைத் தொட்டாள்.

"அசையவே இல்லையே! எப்படி நட்டாங்க?"

"துளை போட்டு," என்றாள் லெம்பி.

டார்லா புருஷனை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "வாங்க, ஹாலைப் பாருங்க." போகிற போக்கில் லெம்பிக்கு ஒரு முறைப்பு.

இதுதான் சமயம். லெம்பி துடைப்பத்தைச் சாய்த்துவைத்தாள். வியாழக்கிழமையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை எடுத்து விட்டாள்.

"படியில பார்த்துப் போங்க. போன டிசம்பர்ல இந்தப் படியிலதான் ஒரு பொம்பளை விழுந்து இடுப்பு முறிஞ்சு நாப்பது நிமிஷம் பனியில கிடந்தா."

"அய்யோ!" அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த வீட்டு அம்மாவா? செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"பாவம். எங்க மாமியாரும் எங்ககூட இருக்காங்க. முதல் வேலையா இந்தப் படியை எடுத்துட்டுச் சாய்வுப் பாதை போடணும். பிடிச்சுக்கக் கம்பியும் வச்சுடலாம். ஒரு நாள் வேலைதானே?"

ஒரு நாள் வேலை. லெம்பி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கள்ளமில்லாத முகம். வைவதற்குக்கூட அதில் இடம் இல்லை. சொல்ல வைத்திருந்த மற்றவை, ஒழுகும் கூரை, ஏப்ரலில் தண்ணீர் புகும் நிலவறை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே புருஷனின் குரல் கேட்டது. அவன் அடுக்களை அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "அருமை! இங்க வந்து பாரேன்!"

"இதோ!" என்றவள் வாசலில் நின்று திரும்பினாள். "நீங்க அலங்காரம் பண்ற இடத்துல வேலை பார்க்கறீங்களா? இதைச் செஞ்ச கலைஞர் யாருங்க? அடுத்த வருஷமும் அவங்களேதான் செய்யணும் எங்களுக்கு."

"ரஸ்ஸல்னு ஒருத்தர், வீட்டை விக்கிறவர். அவரைக் கேளுங்க," என்றாள் லெம்பி. "அந்தம்மாவை அவருக்குக் கொஞ்சம் தெரியும்."

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள்.