ஒற்றைக் கையால் திறந்த குழாய்

மாபெலே சாட்சிக் கூண்டில் நின்று கையேந்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஹோசா சனங்கள் யாரிடம் எதை வாங்கினாலும் இரண்டு கைகளையும் குவித்துத்தான் வாங்குவோம். ஒற்றைக் கையை நீட்டினால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். அதற்காக, வழக்குப் போட்டவளே கையைக் குவிப்பதா? மாடு இறங்கும் ஓடையில் தண்ணீர் மொண்டு குடித்து, போன மழைக்காலத்தில் இரண்டு வயது மகனைப் பேதிக்குப் பறிகொடுத்தவள் அவள். மிச்சம் ஒரே மகள், சிந்தி. அவளுக்கும் இப்போது வயிற்றுப்போக்கு. எங்கள் குடிசைமேட்டுக்கு ஒரு குழாய் வேண்டும். வழக்கு அவ்வளவுதான்.

நகராட்சி வக்கீல் நன்றாகத் தின்று வளர்ந்தவர். "வசதி இருந்தா குழாய் போடுவாங்க, இல்லைன்னா இல்ல. உனக்குத் தண்ணி தர்றதா யாரும்மா வாக்குக் குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்கய்யா. நீங்கதான் மனசு வைக்கணும்" என்று குவித்த கைகளை நீதிபதி பக்கம் நீட்டினாள்.

"கெஞ்சாதடி!" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து நான் முணுமுணுத்தது மூன்று பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்.

நீதிபதி ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டு, எங்கள் பாஷையில், நாங்கள் கூப்பிடுவதுபோலவே குலப்பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார்.

"மாபெலே, கையைக் கீழ போடுங்க. என் வீட்டுச் சோத்தையா கேக்குறீங்க? ஓட்டுரிமை எழுதியிருக்கிற அதே சட்டத்துலதான் தண்ணியும் எழுதியிருக்கு. வக்கீலய்யா, வாக்குக் குடுத்தது யாருன்னு கேட்டீங்களே, இந்த நாடு குடுத்திருக்கு. எப்பப் போடுவீங்க, அதைச் சொல்லுங்க."

வெள்ளையர் ஆட்சியில், கறுப்பர்கள் எப்போதும் வைத்திருக்க வேண்டிய பாஸ் என்ற அனுமதிச்சீட்டு கையில் இல்லையென்று என் அப்பாவுக்கு இதே கூடத்தில்தான் சிறை விதித்தார்கள். அந்தச் சுவர்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சுவர்கள்தானா என்று நம்ப முடியவில்லை.

நான்கு மாதத்தில் குழாய் வந்தது. திறந்துவைக்க வந்த கவுன்சிலர், தானே தோண்டியதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மேடே கூடியிருந்தது. மாபெலே சிந்தியை ஒரு கையில் பிடித்தபடி வந்து, மறு கையால் குழாயைத் திருகினாள்.

"என்னம்மா, ஒத்தக் கை? ரெண்டு கையாலயும் வாங்கத் தெரியாதா?" என்றார் கவுன்சிலர்.

"யாராச்சும் குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்குவேங்கய்யா. இது எங்களுது" என்றாள்.

சிந்தி குனிந்து வாயை வைத்துக் குடித்தாள்.