கரையில் நின்ற தகப்பன்

ஆண் பெங்குவின் கடலிலிருந்து ஏறி வருவதைப் பார்த்ததும் கிரான்வில் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்.

"சுல்ஃபா, வந்துட்டான்டி! வயித்தப் பாரு. கிறிஸ்மஸ் விருந்து முடிஞ்சு எந்திரிக்கிற என் மச்சான் மாதிரியே வர்றான்."

நாங்கள் பலகைப் பாதையில் நின்றிருந்தோம். இந்தக் கரையில் பெங்குவின்களைக் கவனிப்பதுதான் எங்கள் வேலை. எனக்கு இது முதல் வருடம். கிரான்வில் முன்பு மத்திப் படகில் போனவர். மத்தி குறைந்து படகுகள் பலவும் நின்றதும் இங்கே வந்தார். மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரைப் பூட்டா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம்.

புதருக்கடியில் பாதி புதைத்த பெட்டிதான் இந்தப் பருவத்தின் கடைசிக் கூடு. மற்ற கூடுகளில் குஞ்சுகள் இறகு முளைத்துக் கடலுக்குப் போய்விட்டன. இதில் மட்டும் தாமதமாக இட்ட முட்டைகள், தாமதமாகப் பிறந்த இரண்டு குஞ்சுகள். தாய் முன்பே போய்விட்டது. தகப்பன் ஒற்றையாளாக மீன் கொண்டுவந்து ஊட்டினான். பிறகு அவனையும் சில நாட்களாகக் காணவில்லை. குஞ்சுகள் பெட்டி வாசலில் கடலைப் பார்த்தபடியே கிடந்தன.

இப்போது அவன் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஏறி வந்தான். அவ்வளவு கனம். கண்ணுக்கு மேலிருந்த இளஞ்சிவப்பு வெளுத்திருந்தது. முதுகின் கறுப்பு பழுப்பாகியிருந்தது.

"பூட்டா, அது குஞ்சுக்குக் கொண்டு வந்தது இல்ல."

"சத்தமா பேசு. உன் பேச்ச காத்து தூக்கிட்டுப் போகுது."

"இறகு உதிர்க்க வந்திருக்கான். அந்தக் கொழுப்பு அவனுக்குத்தான்."

கிரான்வில் தூரநோக்கியை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் கழித்துத்தான் இறக்கினார்.

"பழுப்பு" என்றார். உதிரப்போகும் இறகின் நிறம் அது.

பெங்குவின் வருடத்துக்கு ஒருமுறை எல்லா இறகையும் ஒரேயடியாக உதிர்க்கும். புதிது முளைக்க மூன்று வாரமாகும். அதுவரை உடம்பில் தண்ணீர் புகாமல் காக்க எதுவும் இல்லை. கடலில் இறங்கினால் குளிரே கொன்றுவிடும். அதனால் முன்கூட்டியே தின்று பெருத்து, கரையேறி, பட்டினியாக நிற்கும். குஞ்சு வளர்ந்துவிட்டதா என்று அந்த உடம்பு பார்ப்பதில்லை.

அவன் பெட்டியருகே வந்து நின்றான். குஞ்சுகள் ஓடிவந்து அவன் அலகைக் கொத்தின. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கமும் வந்து கொத்தின. மறுபடி திருப்பிக்கொண்டான்.

"ஒரே ஒரு வாய் குடுத்துட்டு நில்லேன்டா" என்றார் கிரான்வில்.

மற்ற வருடங்களில் இது பெரிய விஷயமில்லை. டிசம்பரில் கடற்பறவை மறுவாழ்வு மையத்து வண்டி அட்டைப்பெட்டிகளோடு வரும். இப்படி விடப்பட்ட குஞ்சுகளை எடுத்துப்போய் வளர்த்து, இறகு முளைத்ததும் கொண்டுவந்து விடுவார்கள். இந்த வருடம் பக்கத்துக் கடற்கரையில் கடற்காகங்கள் செத்து ஒதுங்கின. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மாதிரி எடுத்துப் போயிருந்தார்கள். முடிவு வரும்வரை ஒரு பறவையும் இடம் மாறக்கூடாது. நாங்களும் பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது.

மையத்துக்குப் போன் செய்தேன்.

"இடம் இருக்கு கண்ணு, மீன் இருக்கு, ஆள் இருக்கு" என்றாள் போனை எடுத்த பெண். "அனுமதிதான் இல்ல. எனக்கு மட்டும் ஆசையா?"

மறுநாள் கிரான்வில் ஒரு வாளியோடு வந்தார். உள்ளே மத்தி, தம்பியின் படகிலிருந்து.

"நான் இறங்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

"வேணாம் பூட்டா."

"யாரு பாக்கப் போறா?"

"கீழ மணல்ல எத்தன நிக்குது பாருங்க. எல்லாமே இறகு உதிர்க்கறது, ஒண்ணும் ஓட முடியாது. காய்ச்சல் உங்க பூட்ஸ்ல ஒட்டிட்டுப் போய்ச் சேர்ந்தா?"

"அதுங்க ரெண்டும் சாகட்டும்ங்கற."

நான் மணலில் நின்றவற்றையே பார்த்தேன்.

"படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவ" என்றார். "அதான்டி எரிச்சலா இருக்கு."

வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். மீன் வாசனைக்குக் குஞ்சுகள் தலையைத் தூக்கின. அதைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு வேகமாக வண்டிக்குப் போனார். போகும்போதும் வழக்கம்போலக் குனிந்து, வண்டிக்கடியில் பெங்குவின் ஏதும் படுத்திருக்கிறதா என்று பார்த்தார்.

அடுத்து வந்த நாட்களில் தென்கிழக்குக் காற்று ஓயவில்லை. தகப்பனின் இறகுகள் கொத்துக்கொத்தாகக் கழன்று புதரில் சிக்கின. அவனும் இளைத்தான். சின்னக் குஞ்சு எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது. பெரியது மட்டும் அவன் மார்பில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. ஒருமுறை அவன் குனிந்து வாயைத் திறந்தான். நான் பலகைப் பாதையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டான்.

"படகு நின்ன வருஷம் நானும் இப்படித்தான்" என்றார் கிரான்வில். "வீட்டுக்குள்ள போகாம வாசல்லயே நிப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை பெரிய குஞ்சு பெட்டியை விட்டு நடந்தது. கழுத்திலும் முதுகிலும் இன்னும் குஞ்சுப் பருவத்துப் பஞ்சு இறகு. பஞ்சு தண்ணீரைக் குடிக்கும். அது பலகைப் பாதைக்கு அடியில் புகுந்து, எங்கள் கால்களுக்குக் கீழே போய், மறுபக்கம் வெளிப்பட்டது. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

"போகாத" என்றார் கிரான்வில். "டேய், போகாதடா."

நான் மறுபடி போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

குஞ்சு பாறையில் நின்றது. முதல் அலையில் பின்வாங்கியது. இரண்டாவதில் இறங்கியது. தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு கடற்பாசியா, தலையா என்று சொல்ல முடியவில்லை. கிரான்வில் தூரநோக்கியை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முற்பகலில் மையத்திலிருந்து அழைத்தார்கள். கடற்காகங்களுக்குக் காய்ச்சல் இல்லையாம். வண்டி கிளம்பிவிட்டதாம்.

"எத்தன குஞ்சு?" என்று கேட்டாள்.

கிரான்வில் அதற்குள் பாதையை விட்டு இறங்கிவிட்டிருந்தார். பெட்டிக்குள் கையை விட்டுச் சின்னதை எடுத்தார். தகப்பன் அவர் மணிக்கட்டைக் கொத்தி ரத்தம் எடுத்தான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குஞ்சைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"மூச்சு இருக்கு" என்று கத்தினார். "ஒண்ணுன்னு சொல்லு."

"ஒண்ணு" என்றேன்.

"சத்தமா சொல்லு கண்ணு, கேக்கல" என்றாள் அவள்.