என் கைக்கு அடங்கிய ரிவால்வர்

சூடான காலித் தோட்டா சட்டைக்குள் விழுந்தால் யாராக இருந்தாலும் ஆடத்தான் செய்வார்கள். நான் ஆடிய ஆட்டத்தை என் அண்ணன் ராய்ஸ் சர்ச் வாசலில் கண்டவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அவன் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நானும் ராய்ஸும் டாரலும் மேய்ச்சல் நிலத்தின் கோடிக்கு நடப்போம். அங்கே ஓடைக்கரையை ஒட்டி உயரமான மண்மேடு ஒன்று உண்டு. அதன் முன்னால் காலி டப்பாக்களையும் பேப்பர் தட்டுகளையும் வைத்துச் சுடுவோம். யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சே கிடையாது. டப்பா துள்ளினால் சிரிப்போம், துள்ளாவிட்டால் காற்றைத் திட்டுவோம். ராய்ஸின் பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கி ஒவ்வொரு தடவை சுட்டதும் காலித் தோட்டாவை வலது பக்கம் துப்பும். அன்றைக்கு அது நேராக என் கழுத்துப்பட்டைக்குள் போயிற்று.

"ஐயோ! ஐயோ! எரியுதுடா!"

"மொதல்ல துப்பாக்கிய கீழ பாத்துப் புடி! அப்புறம் எவ்ளோ வேணா ஆடு!" என்று ராய்ஸ் கத்தினான்.

"இந்த ஆட்டத்துக்கு இன்னிக்கு மழை நிச்சயம்" என்றார் டாரல். ஆனால் சிரித்துக்கொண்டே ஓடிவந்து துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி வைத்தவரும் அவர்தான். ஓடைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து வந்து, கழுத்தடியில் சிவந்திருந்த இடத்தில் ஒற்றினார். முதல் கல்யாணம் முறிந்து ஒன்பது வருடமாக என் காயத்தை யாரும் ஒற்றியதில்லை. அவருக்கும் எனக்கும் அக்டோபரில் திருமணம் என்று முடிவாகி, சர்ச் கூடத்துக்குச் சொல்லியும் வைத்திருந்தோம்.

"இவளுக்கு ரிவால்வர்தான் சரிப்படும்" என்றார் டாரல். "காலி எல்லாம் சிலிண்டருக்குள்ளயே கெடக்கும். நாமளா தொறந்து கொட்டினாத்தான் விழும். கல்யாணத்துக்கு என் பரிசா இருக்கட்டும், செல்லம்."

"வெர்னா கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றான் ராய்ஸ். "ஆனா குட்டி, உன் பேர்லயே வாங்கிக்கோ. உன் சாமான் உன் பேர்ல இருக்கறதுதான் மரியாதை."

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ராய்ஸ், ராய்ஸுக்கு நான் என்று இருந்துவிட்டோம். அவன் 'குட்டி' என்று கூப்பிட்டுச் சொன்ன எதையும் நான் இரண்டாம் தடவை யோசித்ததில்லை.

சனிக்கிழமை காலை என் காரிலேயே போனோம். வெர்னாவின் கடையில் முன்பக்கம் ஆணி, வேலிக்கம்பி, கோழித் தீவனம். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். வெர்னாவுக்கு அறுபது வயதிருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு முதல் துப்பாக்கி விற்றவர்.

"எதுக்குக் கண்ணு? பாம்புக்கா, டப்பாவுக்கா?"

"டப்பாவுக்குத்தான் வெர்னாம்மா. நான் பாம்பப் பாத்தா ஓடிடுவேன்."

"அப்ப சந்தோஷமா வாங்கலாம்" என்று மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே காலி என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

முதலாவது எடை குறைந்த உலோகத்தில் செய்தது. கையில் பொம்மை மாதிரி இருந்தது. விசையை இழுத்தால் மட்டும் விரல் நடுங்கியது.

"இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து அடி விளிம்புக்குள்ளதான் இருக்கும்" என்றார் வெர்னா. "விளிம்புல ஓங்கி அடிச்சாத்தான் வெடிக்கும். அதனால உள்ள ஸ்பிரிங்கு முரட்டு ஸ்பிரிங்கு. வெரலால முழுசா இழுத்துச் சுடறத விட, கட்டைவிரலால மேல சுத்தி மாதிரி இருக்கற இந்தக் குதிரைய பின்னாடி இழுத்து வச்சுட்டு அப்புறம் விசையத் தொடு. பூ மாதிரி போகும்."

இரண்டாவது பெரியது. பத்துத் தோட்டா பிடிக்கும், கனத்த எஃகு, நீளமான குழல், தடித்த ரப்பர் பிடி. இரண்டு கையாலும் தூக்கினேன். என் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் விசையை எட்டியது.

மூன்றாவதை எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு தோட்டா, வளைந்த மரப்பிடி. பழைய காலத்துக் குதிரைக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் ரகத்தைச் சின்னதாகச் செய்தது. பிடி என் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இது மெதுவான ஆளுக்கு" என்றார் வெர்னா. "பக்கத்துல இருக்கற சின்னக் கதவத் தொறந்து ஒவ்வொண்ணா போடணும், ஒவ்வொண்ணா தள்ளி எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் குதிரைய இழுத்தே ஆகணும்."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் எனக்கு என்ன அவசரம்?"

"அப்படிக் கேளு!" என்றவர் டாரலைப் பார்த்தார். "நீங்களும் எடுத்துப் பாருங்க தம்பி."

"வேணாம்மா. அவளோட துப்பாக்கி, அவளே பாக்கட்டும்."

"பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டேன்."

"பரவால்ல, இருக்கட்டும்."

அவர் கைகள் ஜீன்ஸ் பாக்கெட்டிலேயே இருந்தன. எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் முதல் கணவன் எனக்குச் செருப்பு வாங்கினால்கூட அவனே போட்டுப் பார்க்காத குறைதான்.

"இதுதான் எனக்கு" என்றேன், மரப்பிடியைத் தடவிக்கொண்டே.

"அந்தப் பெரிச இன்னொரு தடவ பாரு" என்றார் டாரல். "பத்து தோட்டா. குறி பாக்கற முள்ளும் நல்லா இருக்கு. கனம் இருந்தாத்தான் கை ஆடாது."

"வெரலே எட்டல டாரல்."

"பழகிடும்."

"எதுக்குப் பழகணும்? இது இப்பவே நல்லா இருக்கே."

அவர் என் காதருகே குனிந்தார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அதில் எரிச்சல் இருந்தது. "அந்தச் சின்னது என் கைக்கு எப்படி ஆகும்? சுண்டுவிரல் வெளிய தொங்கும். கொஞ்சமாவது யோசி."

விற்பனைக்கான படிவத்தை எடுக்கத் திரும்பிய வெர்னா அப்படியே நின்றார். பிறகு வந்து மூன்று ரிவால்வர்களையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இன்னிக்கு விக்கல, கண்ணு."

"என்ன வெர்னாம்மா? ஏன்?"

"கடை என்னுது. விக்கறதும் விக்காததும் என் இஷ்டம்." டாரல் அதற்குள் வாசலை நோக்கி நடந்துவிட்டார். வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "இந்தப் பெட்டிகிட்ட வந்து ஒண்ணக்கூடத் தொடாமப் போன ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. நம்ம பாஸ்டர்கூட நாலு எடுத்துப் பாத்துட்டுத்தான் கோழித் தீவனம் வாங்குவாரு. மேல கேமராவ ஒரு தடவ பாத்தவர், அப்புறம் கைய வெளிய எடுக்கவே இல்ல. ஏன்னு அவரையே கேளு."

காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் கேட்டேன்.

"கெழவிக்கு மூள கலங்கிடுச்சு" என்றார் டாரல்.

"நான் அவங்களப் பத்திக் கேக்கல. நீங்க ஏன் தொடல?"

வேலிக்கம்பிச் சுருளை ஒருவர் உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றும்வரை டாரல் அதையே கண்ணால் தொடர்ந்தார். பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"மொத மனைவியோட ஒரு சண்டை. அவ மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. கோர்ட்டுல ஒத்துக்கிட்டேன். ஜெயில்லாம் இல்ல, சின்னக் கேஸுதான். ஆனா அந்த மாதிரி கேஸுன்னா அதுக்கப்புறம் துப்பாக்கி வாங்கக் கூடாது, வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம்."

"முட்டை கீழ விழுந்த மாதிரி சொல்றீங்க. யார் முறிச்சது?"

"அப்பக் குடிச்சிருந்தேன், லனெட். இப்பத் தொடறதே இல்ல. உனக்கே தெரியும்."

"அதான் என் பேர்ல வாங்கச் சொன்னீங்க."

"வாங்கினா என்ன? நம்ம வீட்டுலதான இருக்கும்? நீயும் சுடுவ, நானும் சுடுவேன்."

"உங்களுக்காக வாங்கிட்டு எனக்குன்னு கையெழுத்துப் போட்டா நான் ஜெயிலுக்குப் போவேன். பள்ளிக்கூட ஆபீஸ்ல என்னை ஒரு நாள் வச்சிருப்பாங்களா?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ராய்ஸும் அதத்தான் சொன்னான். யோசனையே அவனோட..."

அங்கே நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்?

"எறங்குங்க" என்றேன். அவர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. இறங்கினார். கதவை அவர் மெல்லச் சாத்தியது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ராய்ஸ் வைக்கோல் கட்டும் எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பூட்ஸைப் பார்த்துத்தான் பேசினேன்.

"டாரல் கேஸு உனக்கு எப்பத் தெரியும்?"

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது.

"போன சீசன்ல மான் வேட்டைக்குக் கூப்பிட்டேன். வர முடியாது, இப்படி இப்படின்னான். ஆம்பளையா நேராச் சொன்னான் குட்டி. எத்தன பேரு சொல்லுவாங்க?"

"உங்கிட்ட சொன்னான். கட்டிக்கப் போறது நானு."

"சொன்னா நீ பயந்துடுவ."

"பயந்திருப்பேன்தான்! பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வேற என்ன பண்ணுவாங்க?"

அவன் வெளியே ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கிரீஸ். "அவன் மாறிட்டான். குடிக்கறதில்ல, சர்ச்சுக்கு வரான், உன்னத் தாங்கறான். நீ ஒம்பது வருஷமா அந்த வீட்டுல டிவியோட பேசிட்டிருந்த. அத எத்தன நாள் நான் பாத்துட்டிருக்கறது?"

"தனியாத்தான் இருந்தேன். ஆனா என் கை ரெண்டும் நல்லா இருந்துச்சு, ராய்ஸ்."

நான் சத்தம் போட்டு அழுதுகொண்டே காரை ஓட்டினேன். டாரலுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில்தான் தெரிந்தது, அழுகை அண்ணனுக்காக. டாரல் மறைத்தது என்னை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில். ராய்ஸுக்கு என்ன பயம்? அவன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான்: கேஸ் டாரலுக்கு, கையெழுத்து லனெட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை கும்மாளம் மூன்று பேருக்கும்.

அந்த வாரம் முழுக்க டாரலின் போன் வந்தது. ஒரு நாள் எடுத்தேன். அவர் அழுதார். மனநல ஆலோசகரிடம் போனதை, குடியை விட்டதை, எல்லாம் சொன்னார். பொய்யாகத் தெரியவில்லை. என் மனம் இளகியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். சர்ச் கூடத்துக்கு நான் இன்னும் போன் செய்து வேண்டாமென்று சொல்லவில்லை. கழுத்தில் அந்த ஈரக் கைக்குட்டையின் குளிர்ச்சி அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்த நேரத்தில் ராய்ஸின் வண்டி வாசலில் நின்றது. சமையலறை மேசையில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தான்.

"தொற."

வளைந்த மரப்பிடி. அதே ஆறு தோட்டா ரிவால்வர்.

"வெர்னாகிட்ட என் பேர்ல வாங்கினேன். கூடப் பிறந்தவளுக்கு அண்ணன் குடுக்கற பரிசு. தப்பு ஒண்ணும் இல்ல, கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

எடுத்தேன். பக்கக் கதவைத் திறந்து சிலிண்டரைச் சுழற்றிப் பார்த்தேன், காலி. அது மறுபடியும் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. அண்ணனும் வேண்டும் என்று இருந்தது. 'பரவாயில்லை விடு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம வா" என்றான், நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து. "டாரலும் வரான். நடந்தது நடந்துபோச்சு. நீ இதுல சுடு, அவன் என்னுதுல சுடட்டும். பழையபடி இருப்போம்."

"அவர் கையில குடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"நம்ம நிலம். நம்ம மூணு பேரு. யாரு பாக்கறா?"

ரிவால்வரைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"மணிக்கட்டு முறிஞ்சுதே, அவ."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். உச்சியைச் சொறிந்தான். நிஜமாகவே யோசித்தான், பாவம்.

"டயானாவா... டெப்ராவா... சொன்னானான்னே ஞாபகம் இல்லையே. ஏன்?"

"ஒரு வருஷமாத் தெரியும். பேரக்கூட கேக்கல."

"எனக்கு எதுக்கு அவ பேரு? எனக்கு முக்கியம் நீ."

"நானும் ஒரு நாள் அவ மாதிரி ஆயிருந்தா, டாரல் அடுத்த ஊருக்குப் போயி அடுத்த அண்ணன்கிட்ட ஆம்பளையா நேராச் சொல்லியிருப்பாரு. அவனும் என் பேரக் கேட்டிருக்க மாட்டான்."

"குட்டி, நீ ரொம்பப் பேசற."

"லனெட்னு கூப்பிடு."

பெட்டியை மூடி அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் எடுக்கவில்லை. நானே எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"அக்டோபர்ல கல்யாணம் இல்லன்னு டாரல்கிட்ட நீயே சொல்லிடு. என்னைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுதானே வழக்கம்."

அவன் எழுந்தான். அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றான். இறைச்சி வேக வைக்கட்டுமா, உருளைக்கிழங்கு போதுமா என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிறவன், அன்று பாதிதான் கேட்டான்.

"ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்காவது..."

"உன் கூட்டாளியோட சாப்பிடு."

வலைக்கதவைச் சாத்தினேன். அவன் படியிலிருந்து இறங்கவில்லை. நான் அழைப்பேன் என்று நின்றிருந்தான். அந்த நினைப்பு அவனுக்கு இருந்ததில் தப்பில்லை. அதுநாள்வரை ஒவ்வொரு தடவையும் நான் அழைத்துத்தான் இருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம், அவனுடைய தோளையும் கசங்கிய தொப்பியையும் வலை வழியே பார்த்தபடி, சர்ச் கூடத்தின் எண்ணைப் போனில் தேட ஆரம்பித்தேன்.