அசையாமல் நிற்பதற்கான பயிற்சி

அண்ணியிடம் அவள் அந்தப் பொய்யைச் சொல்லி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. சொன்னது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கும் அவளுக்குத் தினமும் ஒரே வசனம்தான். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க. கல்லூரியில் படித்த இயற்பியல் அத்தனையும் கடைசியில் இதில் வந்து நின்றதாக அண்ணன் கேலி செய்வான். இன்னொரு வசனமும் உண்டு. "டாக்டர் சொல்வார்." படத்தில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. அதில் அவள் கெட்டிக்காரி. சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காதவள் என்பதால், ஊமைக்கோட்டான் என்று அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அண்ணியின் நெஞ்சுப் படம் திரையில் வந்தபோதும் அவள் முகம் மாறவில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் பிளேடால் கீறியதுபோல் கூர்மையாக விழுந்திருந்தன. வலது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை. அதைச் சுற்றியும், இடது பக்கமும், சின்னச் சின்னதாக இன்னும் சில. இப்படிப்பட்ட படத்தோடு வந்தவர்கள் பலர் ஒரு கட்டத்துக்குப் பிறகு வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அண்ணி ரவிக்கைக் கொக்கியைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, "எப்படி, அழகா விழுந்திருக்கேனா?" என்றாள். டாக்டர் சொல்வார் என்று வரவேண்டிய வாயில், "நீங்க அசைஞ்சுட்டீங்க அண்ணி, படம் கலங்கிப் போச்சு. திங்கக்கிழமை மறுபடி எடுக்கலாம்" என்று வந்தது. ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். எப்படியும் திங்கட்கிழமைதான், இரண்டு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்ததாகப் பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை.

அண்ணி தூங்கவில்லை. பயிற்சி எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணிக்கு வேலை, தொலைபேசியில் பிறர் புகார்களைக் கேட்பது. ஆறு வாரமாக இருமல் நிற்கவில்லை. "மன்னிக்கவும்" என்று ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமுகிறாள் என்று, ரிப்போர்ட்டோடு வந்தால் போதும் என ஆபீஸில் அனுப்பிவிட்டார்கள். தன் உடம்பால்தான் படம் கெட்டது என்றதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, போனில் ஒரு பெண் சொல்லச் சொல்ல, கால் விரல்களை இறுக்கி, பிறகு தளர்த்தி, அடுத்து கெண்டைக்கால், தொடை என்று ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தாள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும். ஆறு எண்ணும்வரை, தேனீ மாதிரி முனகிக்கொண்டே விட வேண்டும். முதல் நாள் முனகல் பாதியிலேயே இருமலாக உடைந்தது. இன்று முழுசாக வந்தது.

"ஏய் கோட்டான், இங்க வா. என் வயித்துல கை வை. ஏறி இறங்குதா பாரு."

கை வைத்தாள். சூடாக இருந்தது. நிதானமாக ஏறி இறங்கியது.

"உன்னால பத்து செகண்டு பேசாம இருக்க முடியுதுன்னா, அந்தப் போன் பொம்பளைக்கு ஒரு விருது குடுக்கணும்" என்றான் அண்ணன், பிரித்துப் போட்ட மின்விசிறியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

"உங்ககூட பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டினதுக்கு முதல்ல எனக்குக் குடுங்க" என்ற அண்ணி இவள் பக்கம் திரும்பினாள். "நீயும் படு. ரெண்டு நாளா உன் தோள் காதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. தாடையைத் தொங்க விடு. பல்லைக் கடிக்காத."

படுத்தாள். மூச்சை நீளமாக விட்டால் இதயம் ஏன் நிதானப்படுகிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். கால் விரல்களை இறுக்க வந்தது, தளர்த்த வரவில்லை. திங்கட்கிழமை இன்னொரு படம் எடுத்தால் பொய் அதோடு மறைந்துவிடும். பழைய படத்தை அழிக்க இரண்டு பொத்தான் போதும். மற்றதை டாக்டர் சொல்வார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உனக்குத்தான் சங்கடம்" என்றாள் அண்ணி, கூரையைப் பார்த்தபடி. "சொந்தக்காரின்னு வரிசையில நிக்காம கூட்டிட்டுப் போன. ஒரு பத்து செகண்டு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது இந்த உடம்பு. உங்க ஆளுங்க என்ன நினைச்சிருப்பாங்க. நாளைக்கு உன் மானத்தைக் காப்பாத்திடுறேன், பாரு."

படம் விழப் பத்து செகண்டு வேண்டாம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதைக்கூட அவள் சொல்லவில்லை.

அண்ணி எழுந்து பீரோக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். நெஞ்சைக் கண்ணாடியோடு ஒட்டி, முகவாயைத் தூக்கி, கைகளை இடுப்பில் மடக்கி, தோள்களை முன்னால் தள்ளினாள். ஒரே ஒருமுறை காட்டியதை அப்படியே நினைவில் வைத்திருந்தாள். முதுகெலும்பு நைட்டிக்கு மேலேயே தெரிந்தது. எப்போது இவ்வளவு இளைத்தாள்?

"சொல்லு. அங்க சொல்ற மாதிரியே சொல்லு."

"மூச்சை இழுங்க."

அண்ணியின் தோள்கள் ஏறின.

"அப்படியே பிடிங்க. அசையாதீங்க."

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தான். மூன்று. நாலு. அண்ணியின் முதுகில் ஒரு நூல்கூட அசையவில்லை. ஏழு. இருமல் வரவில்லை. பத்து என்று சொல்லிவிட்டு அண்ணன் தங்கையைப் பார்த்தான். விடுங்க என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதுவரை அண்ணி விடமாட்டாள்.

"அண்ணி."

இருவரும் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கும் நீங்க அசையல. படம் நல்லாத்தான் விழுந்துது. நான் பார்த்தேன்."

அண்ணி திரும்பவில்லை. கைகள் இடுப்பிலேயே இருந்தன, பிடித்த மூச்சும் உள்ளேயே. மூக்குக்கு நேரே கண்ணாடியில் படிந்திருந்த ஆவி, ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு பொட்டளவுக்கு வந்திருந்தது.