வேலப்பன் பெயரில் ஒரு புட்டி

மலைமேலிருக்கும் வாழவந்தி நாட்டில் வேலப்பன் வீட்டு வாசலில் அருணா சோதனை முடிவுத் தாளோடு நின்றாள். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் சிறுநீரைப் புட்டியில் வாங்கி ஆராய்பவள் அவள். மருந்து உறுப்புகளைக் கெடுக்கும் முன்பே, உடம்பு கழித்து வெளியேற்றும் நுண்பொருள்களின் அளவு மாறிவிடும். அதை வைத்து வரப்போகும் தீங்கைக் கணிப்பது அவள் வேலை.

"அண்ணா, இனி மருந்து தொடாதீங்க. கல்லீரல் கெடப்போற அறிகுறி தெரியுதுங்க."

வேலப்பன் சிரித்தான்.

"எனக்கா? புரட்டாசி பொறந்ததிலிருந்து பெருமாளுக்கு விரதமுங்க. உசிரக் கொல்ற மருந்தத் தொடுவனா? பக்கத்துக் காட்டுத் தனபாலுதான் அடிச்சுத் தாரான். உங்க மிசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு போங்க."

அருணா குழம்பிப்போனாள். மருந்தே தொடாதவருக்கு இப்படி வருமா? அப்படியானால் மற்றவர்களுக்குச் சொன்ன கணிப்பும் பொய்யா?

டீ கொண்டுவந்த அவன் மனைவி இருசாயி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புட்டியில இருந்தது என்னுதுங்க."

"உங்களுதா?"

"விரதத்துல இதையெல்லாம் புடிச்சுக் குடுக்கறதான்னு மூஞ்சியச் சுளிச்சாரு. நீயே குடுத்துருன்னு புட்டிய எங்கிட்டத் தந்துட்டாரு."

வேலப்பன் அசடு வழிந்தான். "ஊட்டுல யாரு குடுத்தா என்னன்னு நெனச்சேனுங்க." பிறகு திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். "நீ எங்க மருந்தத் தொட்ட?"

"தனபாலண்ணன் இடுப்பு புடிச்சுக் கெடக்கறாரு. சொன்னா விரதத்த உட்டுப்போட்டு நீங்க போவீங்க. அதான் நானே அடிச்சேன்."

"எதுல கலக்குன?"

"கையிலதான்."

வேலப்பன் அருணாவிடம் திரும்பினான். "இவளுக்கு நோவு வந்திருச்சுங்களா?"

"வந்துருச்சுன்னு சொல்ல முடியாதுங்க. வராதுன்னும் சொல்ல முடியாது. இப்ப நிறுத்தினா உடம்பு தேறலாம். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலயே போயி ரத்தம் பாத்துட்டு வந்துரலாங்க."

வந்ததுமில்லை, வராததுமில்லை என்றால் என்ன? அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. பூச்சியைக் கொல்லாமல் புண்ணியம் காத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தான். பெருமாள் எதை ஏற்றுக்கொண்டார் என்பதும் விளங்கவில்லை.

அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் சோப்பும் எடுத்து வந்தான்.

"கையக் காட்டு."

"இன்னிக்கி மருந்தே தொடலீங்களே! இப்பக் கழுவி என்னத்துக்கு?"

"தெரியல. காட்டு கண்ணு."

அவள் வெட்கத்தோடு கைகளை நீட்டினாள். வெடித்திருந்த விரலிடுக்குகளை அவன் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினான். அருணா வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள்.