சம்பந்திகள் இழுத்த வலை

சலவைக் கடைக்காரி அன்று விடிவதற்கு முன்பே குளித்துத் தயாராகிவிட்டாள். கடலை அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாளே தவிர, அதில் கால் நனைத்ததில்லை. புதுசாகக் கல்யாணமான மகன், "கடற்கரைப் பக்கம் ஒரு நாள் போய்ட்டு வரலாம்மா, கடை, சாப்பாடு எல்லாம் அங்கயே இருக்கு" என்றதும், மறுபேச்சுப் பேசாமல் கடைக்குப் பூட்டுப் போட்டாள். காரில் ஏறிய பிறகுதான், பின் சீட்டில் பக்கத்தில் உட்காரப் போவது சம்பந்தியம்மாள் என்று தெரிந்தது. பாதி சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது.

மருமகளின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று மருமகளே சொல்லிச் சிரிப்பாள். சம்பந்தம் பேச வந்த அன்று அவர், "சலவைக் கடையா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அது இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது தைத்ததுதான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்ற அளவோடு சரி. இன்றைக்கும் அவர் மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவையில், ரவுண்ட்ஸுக்குக் கிளம்பியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆனால் கார் நின்று கதவைத் திறந்ததும் சலவைக் கடைக்காரிக்குச் சம்பந்தி மறந்துபோனார். உப்புக் காற்று மூஞ்சியில் அறைந்தது. மீன்பிடி கிராமமாக இருந்த இடமாம். வலை காயப்போட்ட மைதானத்தில் இப்போது கார்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஐஸ் உடைத்த கட்டடம் செருப்புக் கடையாகியிருந்தது. மீன் ஏலம் போட்ட நீளமான கொட்டகையில் மேஜை நாற்காலி போட்டு, தூணுக்குத் தூண் விளக்கு மாட்டியிருந்தார்கள். சின்னச் சின்ன வீடுகளுக்கெல்லாம் மஞ்சள், நீலம், கிளிப்பச்சை என்று வண்ணம் பூசி, முன் அறையில் தொப்பியும் சோப்பும் கண்ணாடிப் பாத்திரமும் விற்றார்கள். ஒரு வீட்டுக்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கீழே வியாபாரத்தையும் பார்த்தாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் சலவைக் கடைக்காரியின் கழுத்து பம்பரமாகச் சுற்றியது.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் சிறுசுகள் நழுவிவிட்டார்கள். இதோ வந்துடறோம் என்று சொல்லிவிட்டு ஒரு நகைக் கடைக்குள் போனவர்கள்தான். வாசலில் இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நர்சம்மாதான் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். படகுத்துறைப் பக்கம் பெண்கள் நின்ற ஒரு வரிசையைக் காட்டி, அதுவாகத்தான் இருக்கும் என்றாள் இவள். வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற பெண் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவை அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டாள். பாத்ரூமுக்கு இதெல்லாம் எதற்கு என்று இவர்கள் யோசிப்பதற்குள் இவர்கள் கழுத்திலும் அது ஏறிவிட்டது. "உக்காருங்கம்மா, படகு கிளம்பப் போகுது" என்றார் படகுக்காரர்.

இறங்கிவிடலாமா என்று சலவைக் கடைக்காரி பார்த்தாள். நர்சம்மா இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். இறங்கினால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார். இவளும் உட்கார்ந்தாள்.

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது அலையில் யாரோ அவள் கையைப் பிடித்து நசுக்கினார்கள். திரும்பினால் சம்பந்தி. கண்ணை இறுக்க மூடியிருந்தார், உதட்டில் மட்டும் சிரிப்பு. "வேகத்தைக் குறைக்கச் சொல்லட்டுமா?" என்று இவள் கேட்டாள். "குறைச்சா படகை விட்டே குதிச்சிடுவேன்" என்றார் அவர்.

கரை தீப்பெட்டி வரிசையாகத் தெரிந்த தூரத்தில் படகுக்காரர் திடீரென்று இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் கொஞ்ச தூரத்தில் கடல்மேல் மழை பெய்வது போல் தண்ணீர் பொரிந்துகொண்டிருந்தது. பறவைகள் அங்கே விழுந்து விழுந்து எழுந்தன. மீன் கூட்டத்தைக் கண்டதும் படகுக்காரர் ஆளே மாறிவிட்டார். சுற்றிக் காட்ட ஏற்றி வந்த கூட்டத்தைச் சுத்தமாக மறந்து, ஒரு பெரியவரைக் காலை மடக்கச் சொல்லி, அவர் சீட்டுக்கு அடியிலிருந்து வீச்சு வலை ஒன்றை உருவினார். பழக்கதோஷம், அது இல்லாமல் படகு எடுக்கக் கை வராது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

படகின் முன்முனையில் நின்று அவர் வீசிய வலை குடையாக விரிந்து விழுந்தது. கயிறு விறைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய, இரண்டு பேர் அலறினார்கள். படகுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, யாராவது பிடிங்க என்றார். ஆண்கள் போனை உயரப் பிடித்துப் படம் எடுப்பதில் இருந்தார்கள். ஈரக் கம்பளியையும் திரைச்சீலையையும் வருஷக்கணக்காகப் பிழிந்த கை சலவைக் கடைக்காரியுடையது. அது யோசிக்கவில்லை, போய்க் கயிற்றைப் பிடித்தது. அவள் சறுக்கியபோது பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது நர்சம்மாவின் கை.

"போன் வச்சிருக்கறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று ஆஸ்பத்திரிக் குரலில் உத்தரவு போட்டார் அவர். "நான் சொல்றப்ப மட்டும் இழுக்கணும். நடுவுல யாரும் விடக்கூடாது."

ஒருவரும் மறுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல இழுத்தார்கள். வலை படகின் விளிம்பைத் தாண்டி வந்து உள்ளே கவிழ்ந்தது. முழங்கால் வரை வெள்ளி. கானாங்கெளுத்தி மீன்கள் துள்ளித் துள்ளி மடியிலும் கைப்பையிலும் விழுந்தன. சலவைக் கடைக்காரி தன்னை மறந்து சிரித்தாள். பக்கத்தில் நர்சம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெள்ளைப் புடவை முழுக்கச் செதிள், உப்புத் தண்ணீர், மீன் ரத்தம்.

"இது போகுமா?" என்று புடவையைக் காட்டிக் கேட்டார்.

"என்கிட்ட குடுங்க, பச்சைத் தண்ணியில ஊற வச்சா போயிடும். வெந்நீர் மட்டும் காட்டாதீங்க."

"அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். சலவைக் கடைன்னு சொன்னீங்களா, கஞ்சி எப்படிப் போட்டா விறைப்பு நிக்கும்னு கேக்க வாயைத் திறந்தேன். என் பொண்ணு தொடையில கிள்ளிட்டா. நானும் கப்புனு மூடிக்கிட்டேன்."

இத்தனை நாள் தைத்திருந்த முள் இதுதானா என்று சலவைக் கடைக்காரி இன்னும் பலமாகச் சிரித்தாள். "கேட்டிருக்கலாமே அண்ணி" என்று சொன்ன பிறகுதான், முறை சொல்லி அழைத்துவிட்டதை உணர்ந்தாள். நர்சம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

படகுத்துறையில் மகனும் மருமகளும் முகம் வெளிறி நின்றிருந்தார்கள். காணவில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லக்கூடச் சொல்லியிருந்தார்களாம். மருமகள் தன் அம்மாவைத் தலைமுதல் கால்வரை பார்த்து, அடிபட்டதா என்று பதறினாள். அம்மாவோ, படகில் யாரோ கொடுத்த வாசனைத் திரவியக் கடைப் பை ஒன்றை நீட்டினார். உள்ளே மீன் வாலாட்டியது.

படகுக்காரர் ஏறியவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏலக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். அங்கே சமையல்காரர் கைகளைத் துடைத்தபடி ஓடி வந்தார். கடலை எட்டிப் பார்த்துக்கொண்டே, லாரியில் வந்த ஐஸ் மீனைப் பொரித்துப் பொரித்து வெறுத்துப்போச்சு என்று சொல்லி, அப்போதே கத்தியைத் தீட்டினார். நால்வரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நர்சம்மா முள் எடுத்து முதல் துண்டைச் சம்பந்தியின் கையில் வைத்தார். அவள் வாழ்நாளிலேயே யாரும் அவளுக்கு அப்படிச் செய்ததில்லை. நடந்ததை ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்தார். வலை வீசிய இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிறுசுகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தட்டு பாதி காலியாகும்போது படகுக்காரர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். மீன் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறதாம், ரெண்டாவது தடவை போகிறாராம், இழுக்கத் தெரிந்த கை வேண்டுமாம்.

"சாப்பிட்டு முடிங்கம்மா" என்றான் மகன்.

"நீங்க சாப்பிடுங்க" என்று எழுந்தாள் சலவைக் கடைக்காரி. அவளுக்கு முன்னால், எண்ணெய்க் கையோடு, நர்சம்மா பாதித் தூரம் போயிருந்தார்.